அந்த ரெக்கார்டர் யார் கையில் இருக்கிறது?



போன மாதம் எம்.ஏ. படிக்கும் தங்கை ஒருத்தி போன் செய்தாள். ஆய்வேட்டுக்காகத் தன் சேரிப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யப் போகிறாள். "அக்கா, நல்ல வாய்ஸ் ரெக்கார்டரா ஒண்ணு சொல்லுங்க. தனியா வாங்கணுமா, போனே போதுமா?" என்று கேட்டாள். ஒரு மாடல் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. இதே கேள்விக்கு நானே ஒருமுறை தவறான பதிலைத் தேர்ந்தெடுத்து, திரும்ப வாங்க முடியாத ஒன்றை இழந்திருக்கிறேன்.

நான் முதுகலை படித்த காலத்தில் என் ஆயாவிடம் பேசப் போனேன். கையில் இருந்தது சாதாரண போன். கட்டில்மேல் வைத்து, பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஆயா இரண்டு மணி நேரம் பேசினார். அறுவடைக் கூலி நெல்லைக் குறைந்த மரக்காலில் அளந்து போட்டதைச் சொன்னார். சரியான மரக்கால் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று ஏழு பெண்கள் களத்துமேட்டில் உட்கார்ந்ததைச் சொன்னார். அந்த ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டால் பதினொரு நிமிடம்தான் இருந்தது. நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவு நின்றுபோயிருக்கிறது. இருந்த பதினொரு நிமிடத்திலும் பாதி மின்விசிறிச் சத்தம். அடுத்த விடுமுறையில் போய் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் ஆயா போய்விட்டார். ஏழு பெயரில் இன்று எனக்கு நினைவிருப்பது மூன்று.

அதனால் இந்தக் கட்டுரை. எந்த ரெக்கார்டர் வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், இந்தக் கருவி இதுவரை யார் கையில் இருந்தது, அந்தக் கை எதைப் பதிந்தது, எதை விட்டது என்று பார்த்துவிடுவோம். வரலாறு தெரியாமல் வாங்கினால் நாமும் பழைய தவறையே புதிய கருவியில் செய்வோம்.

நாக்கு வேண்டும், கதை வேண்டாம்

எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-இல். 1902-இல் கிராமஃபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்து இங்குள்ள பாட்டுகளைப் பதியத் தொடங்கினார்கள். அது வியாபாரம். அரசாங்கமும் தன் தேவைக்குக் குரல்களைப் பதிந்தது. ஜார்ஜ் கிரியர்சன் பொறுப்பில் நடந்த இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1910-களிலும் 1920-களிலும் நாடு முழுக்கப் பல மொழிகள் கிராமஃபோன் தட்டுகளில் ஏற்றப்பட்டன. சென்னை மாகாணத்து மொழிகளும் அதில் உண்டு. பேசியவர்களிடம் கொடுக்கப்பட்ட பொதுவான பாடம் என்ன தெரியுமா? பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. ஒரே கதையை எல்லா மொழியிலும் சொல்லவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

மொழியியலுக்கு அது சரியான முறைதான். குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவரின் உச்சரிப்பு தேவைப்பட்டது, அவர் பட்டது தேவைப்படவில்லை. அவர் வீட்டில் என்ன நடந்தது என்று அந்தக் கருவி கேட்கவில்லை. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909-இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' வெளியிட்டார். உடம்பை அளந்தார்கள், நாக்கைப் பதிந்தார்கள். நியாயம் கேட்ட வாயை மட்டும் பதிய ஆள் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தார். அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-இல் இறக்கும்வரை வாரந்தோறும் நடத்தினார். அவர் காலத்தில் யாரும் அவரைத் தேடிவந்து பேட்டி எடுக்கக் காத்திருக்கவில்லை. இதழ் அவர் கையில் இருந்தது, அதனால் சொல்லும் அவர் கையில் இருந்தது. பல பத்தாண்டுகள் மறக்கடிக்கப்பட்ட பிறகும் அந்தத் தாள்கள் எஞ்சியிருந்ததால்தான், 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. கருவி நம் கையில் இருந்தால் எண்பது வருடம் கழித்தும் நாம் திரும்பி வரலாம்.

ஒரே பாட்டி, இரண்டு வாக்குமூலம்

கருவி இருந்தால் மட்டும் போதுமா? இதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், அடிமைகளாக இருந்து விடுதலையான முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். 2,300-க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. பெரும்பாலும் கருவி இல்லை. கேட்டுவிட்டு, குறிப்பெடுத்து, பிறகு எழுதியவைதான். பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

1937-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியிடம் ஜெஸி பட்லர் என்ற வெள்ளைப் பெண் போனார். வந்தவர் நிவாரணம் கொடுக்கும் அலுவலகத்து ஆள் என்று பாட்டி நினைத்துக்கொண்டார். பட்லர் அதைத் திருத்தவில்லை; அப்படித் திருத்தவில்லை என்பதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். அவரிடம் பாட்டி தன் எஜமானர் நல்லவர் என்று சொன்னார். அகஸ்டஸ் லேட்சன் என்ற கறுப்பினத்தவர் போய்க் கேட்டபோது அதே பாட்டியிடமிருந்து வேறு வாக்குமூலம் வந்தது. சாட்டையடி வந்தது. பிள்ளைகளை விற்றபோது தாய்மார்கள் கதறியது வந்தது.

பாட்டி பொய் சொன்னார் என்று யாரும் எழுதாதீர்கள். உதவித்தொகையை நிறுத்திவிடக் கூடிய ஆள் என்று நினைத்தவரிடம் யார் உண்மை பேசுவார்? நான் சமூகப் பணியாளர். குறிப்பேட்டோடு ஒரு காலனிக்குள் போனால் "பட்டாவுக்கா வந்திருக்கீங்க? வீடு தர்றாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த நினைப்பைத் திருத்தாமல் ரெக்கார்டரை ஆன் செய்தால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் அதில் விழுவது பட்லருக்குக் கிடைத்த பதில்தான்.

அடிமையாக இருந்தவர்களின் குரலே நேரடியாகப் பதிவானது மிகக் குறைவு. 1932 முதல் 1975 வரை பல காலங்களில் பதிவான இருபத்துச் சொச்சம் பேரின் குரல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பில் உள்ளது. மொத்தம் ஏழு மணி நேரம்கூட இல்லை. அதில் ஒருவர் ஃபவுண்டன் ஹியூஸ். 1949-இல் பால்டிமோரில் பேசும்போது தன் வயது 101 என்கிறார். மறுபடி அடிமையாவேன் என்று தெரிந்தால் துப்பாக்கியை எடுத்து எல்லாவற்றையும் அப்போதே முடித்துக்கொள்வேன் என்று சொல்கிறார். இணையத்தில் தேடிக் கேளுங்கள். தாளில் படிப்பது வேறு. அந்தக் கிழவரின் தொண்டையிலிருந்து கேட்பது வேறு. பாபாசாகேப் 1955-இல் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியை முதன்முதலில் கேட்ட நாளில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நூல்களில் படித்துப் பழகிய மனிதர் திடீரென்று எதிரில் உட்கார்ந்து பேசினார்.

டேப் காலம்

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. அதன்பிறகுதான் சாதாரண ஆள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பதிவுக் கருவி பரவியது.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்கு 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பணக்கார நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்பது அந்தத் தீர்ப்பில் வந்த வாதம். கண்ணால் பார்த்தவர்களின் சொல் எடுபடவில்லை. அன்றைக்கு ஒரு டேப் ரெக்கார்டர் இருந்திருந்தால் நீதி கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சாதிய மனம் ஒலிநாடாவையும் நம்பாமல் இருக்கத் தெரிந்தது. ஆனால் நீதிமன்ற ஏடு ஒன்றே ஏடாக மிஞ்சும் இடத்தில், தோற்கடிக்கப்பட்டவர் சொன்னது காற்றோடு போய்விடும். காற்றோடு போகாமல் பிடித்துவைப்பதே முதல் வேலை.

டேப் காலத்தின் இரண்டு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரிக்கு அருகில் ஒரு சேரியில் வாழ்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி வீரம்மா. பிரசவம் பார்ப்பவர், பாட்டுக்காரர். பாட்டு சேகரிக்கப் போன ஜோசியான் ரசீன் அவரோடு பழகி, பல ஆண்டுகள் அவர் வாழ்க்கையைத் தமிழிலேயே பேசவைத்துப் பதிந்தார். அது முதலில் பிரெஞ்சு நூலாக வந்தது. 1997-இல் ஆங்கிலத்தில் வந்தது. அரிய வேலை, அன்போடு செய்யப்பட்ட வேலை. ஆனாலும் தமிழில் பேசிய ஒரு தலித் பெண்ணின் சொல்லை உலகம் பிரெஞ்சில் முதலில் படித்தது.

மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கத்தில் நின்ற பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, 1989-இல் 'ஆம்ஹிஹி இதிஹாஸ் கடவ்லா' என்று நூலாக்கினார்கள். 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்று பொருள். கேட்டவர்களும் தலித் பெண்கள், சொன்னவர்களும் தலித் பெண்கள், முதலில் வந்தது அவர்கள் மொழியில். கேட்பவர் உள்ளேயிருந்து வந்தவராக இருந்தால் கேள்வியே மாறும். அந்த வேலை நம் தமிழ்ச் சேரிகளில் இன்னும் பெரும்பகுதி பாக்கி. செய்ய வேண்டியது நீங்கள்.

சரி, எதை வாங்குவது?

டிஜிட்டல் ரெக்கார்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒருவரால் முடியாவிட்டால் வாசகர் வட்டம், மாணவர் அமைப்பு சேர்ந்து பொதுவில் ஒன்று வாங்கலாம். போன் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒலித்தரம் மட்டும் இல்லை. போனில் அழைப்பு வரும். நான் பட்டது போதும். அதோடு, போன் போலீஸ் கைக்குப் போனால் உங்களிடம் பேசிய எல்லோரின் எண்ணும், படமும், அரட்டையும் சேர்ந்து போகும். உங்களுக்கே தெரியாமல் பதிவு எங்கோ இணையக் கிடங்கில் ஏறியிருக்கும். தனி ரெக்கார்டரில் பதிவு மட்டும்தான் இருக்கும்.

பிராண்டு பார்த்து வாங்காதீர்கள். இவற்றைப் பாருங்கள்:

ஒன்று, 'வேவ்' வடிவில் பதிய வேண்டும். எம்பி3 மட்டும் என்றால் வேண்டாம். எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்க ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். கழித்தது திரும்ப வராது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் ஐம்பது மணி நேரம் வரை கொள்ளும். இடம் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு, கார்டு கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். பேட்டரி கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியாக இருந்தால் நல்லது. மின்சாரம் இல்லாத குடியிருப்பில் சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று, வெளி மைக் செருகும் துளையும் ஹெட்போன் துளையும் இருக்க வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு, ஒலி அளவை நாமே கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். பேச்சு உச்சத்துக்குப் போகும்போது முள் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். சிவப்பில் முட்டினால் ஒலி கிழிந்துவிடும். அழுகையும் கோபமும் வரும் இடத்தில்தான் அப்படிக் கிழியும். நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

எப்படிப் பதிவது?

போவதற்கு முன்பே தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். நீதிமன்றத்தில் இது பேசும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். வெக்கையாக இருந்தால் வேப்பமரத்தடிக்குப் போங்கள். காற்றடித்தால் மைக்குக்குப் பஞ்சுறை போடுங்கள். ரெக்கார்டர் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். தூரம் கூடக்கூடக் குரல் குறையும். பக்கத்து வீட்டு டிவி குறையாது. வெறும் மேசையிலோ கட்டில் சட்டத்திலோ வைக்காதீர்கள். மடித்த துண்டின்மேல் வையுங்கள். ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குரல் வந்தால் மட்டும் பதிவாகி, பேசாதபோது தானாக நின்றுவிடும் ஒரு வசதி பல ரெக்கார்டர்களில் உண்டு. அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். மகனை வெட்டிய நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும் தாய் நடுவில் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அந்த ஒரு நிமிடமும் வாக்குமூலம். கருவி அதைக் காலியிடம் என்று வெட்டி எறிந்துவிடும். வெட்டிய பதிவை எதிர்த்தரப்பு வக்கீலும் சும்மா விட மாட்டார்.

எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "வந்துச்சு" என்றால் "வந்துச்சு" என்றே எழுதுங்கள். நம் ஆயாக்களின் பேச்சுக்குப் பள்ளிக்கூட இலக்கணம் போர்த்த வேண்டியதில்லை.

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவோடு போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்க, குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், திருத்தப்படவில்லை என்று காட்ட வேண்டும், பத்திரமான கையில் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே ராம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கேட்கிறது. அதில் 'ஹேஷ்' மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் ரேகை மாறிவிடும். அதனால் மூலக் கார்டில் எதையும் அழிக்காதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள். கார்டை எடுத்து உறையில் போட்டு, தேதி எழுதி, யார் கையில் இருக்கிறது என்று குறித்துவையுங்கள். வேலை எல்லாம் நகலில் மட்டும். மற்றதை இயக்க வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் வெளியே வரும் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அது அவருக்குச் செய்யும் துரோகம், சட்டப்படி குற்றமும்கூட.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் வந்த பிரிவு 15ஏ(10), இச்சட்டத்தின்கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகளை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு கேட்பது நாம் கெஞ்சும் சலுகை இல்லை. கேட்டு வாங்குங்கள்.

யாருக்காக?

கடைசியாக, பேசுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது. யார் நாம், எதற்காக வந்தோம், பட்டாவும் வீடும் நம்மால் வராது என்று நேராகச் சொல்லுங்கள். ரெக்கார்டரை அவர் கையில் கொடுங்கள். எந்தப் பட்டனில் நிற்கும் என்று காட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் அவரே நிறுத்தலாம். முடிந்ததும் கொஞ்சம் போட்டுக் கேட்கவையுங்கள். ஒரு நகலை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். வீரம்மாவின் பேத்திகளுக்கும் சூசன் ஹாம்லின் பேரப்பிள்ளைகளுக்கும் எது முதலில் கிடைத்திருக்க வேண்டுமோ, அது நம் பதிவுகளில் முதலில் போய்ச் சேரட்டும். நகல்கள் மூன்று இருக்கட்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

என்னிடம் உள்ள பதினொரு நிமிடத்தில் ஓரிடத்தில் ஆயா கேட்கிறார்: "இத யாரு கண்ணு கேக்கப் போறாங்க?" நான் ஏதோ பதில் சொல்கிறேன். மின்விசிறிச் சத்தத்தில் அது கேட்கவில்லை.

தங்கை ரெக்கார்டர் வாங்கிவிட்டாள். முதல் பதிவு அவள் தாத்தாவுடையது. நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவின் மூத்த பெண்மணியிடம் போய் உட்காருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர்களைக் கேளுங்கள். கூட நின்றவர்களின் பெயரை, அடி வாங்கியவர்களின் பெயரை, களத்துமேட்டில் உட்கார்ந்தவர்களின் பெயரை.

ஜெய்பீம்.